கரண்டு கேள்விகள்: "சும்மா திறந்து பார்க்கத்தானே?"

மின்பலகைச் சோதனையைப் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். வந்த கடிதங்களில் பாதி செம்பனை மில்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எழுதியவை, மீதி அவர்களுடைய வீட்டுக்காரம்மாக்கள் எழுதியவை. நான் மில்லில் வயர்மேனாகச் சேர்ந்து, மின்பலகைகளுக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவன். இப்போது பெஸ்தாரி ஜெயாவில், பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நடந்தது இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அதனால் மில் சங்கதிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

எங்கள் மில்லின் மெயின் ஸ்விட்ச்போர்டைத் தெர்மல் கேமராவில் சோதிக்க அடுத்த வாரம் வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குலை அதிகம் வரும் நேரம் என்பதால் கரண்டை நிறுத்த மாட்டார்களாம். கவரைக் கழற்றிக் கொடுத்து டார்ச் பிடிப்பது என் வேலை என்று போர்மேன் சொல்லிவிட்டார். நான் வயர்மேன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— க.வி., ஈஜோக்

தம்பி, கவரைக் கழற்றுவது உன் வேலை இல்லை. அதைப் போர்மேனிடம் இந்த வாரமே சொல்லிவிடு. சோதனை நாள் காலையில் எல்லோரும் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும்போது சொன்னால் எடுபடாது. கரண்டு ஓடும் பலகையைத் திறக்கலாமா, எந்தக் கவரை, எந்த வரிசையில் என்பதெல்லாம் அதற்குப் பொறுப்பான சார்ஜ்மேனும் மின்பொறியாளரும் முடிவு செய்ய வேண்டியவை. சான்றிதழ் உன் கைக்கு வரும்வரை நீ தள்ளி நின்று பார்க்கலாம். எவ்வளவு தள்ளி? அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70இ என்ற மின்பாதுகாப்பு விதிநூல், 400 வோல்ட் பலகை திறந்திருந்தால் தகுதியில்லாதவரை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்திலேயே நிறுத்திவிடுகிறது. தகுதியுள்ளவரும் 30 சென்டிமீட்டருக்குள் கையைக் கொண்டுபோக வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி, தனி உடுப்பு எல்லாம் வேண்டும். இதுகூட ஷாக்குக்கு மட்டும் போட்ட எல்லைதான். பலகைக்குள் வெடிப்பு வந்தால் எட்டும் தூரம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். மெயின் ஸ்விட்ச்போர்டு என்றால் பெரும்பாலும் அப்படித்தான்.

கரண்டை நிறுத்தாமல் சோதிப்பது மானேஜரின் பிடிவாதம் என்று மட்டும் நினைக்காதே. லூசான இணைப்பு சூடாவது லோடு ஓடும்போதுதான். நிறுத்தினால் ஆறிவிடும், அப்புறம் கேமராவுக்குத் தெரிவதற்கு ஒன்றும் இருக்காது. குறைந்தது நாற்பது சதவீத லோடாவது ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் கேமராவின் பார்வை இரும்புக் கவரையும் தாண்டாது, உள்ளே தடுப்பாக மாட்டியிருக்கும் பெர்ஸ்பெக்ஸ் தகட்டையும் தாண்டாது. அதனால்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். இதற்கென்றே கவரில் பொருத்தும் சிறிய ஜன்னல் இருக்கிறது. அதன் வழியே கேமரா உள்ளே பார்க்கும், கவரைத் தொடவே வேண்டாம். அடுத்த ஷட்டவுனில் இதைப் போட்டுவிடலாமே என்று உன் போர்மேன் காதில் போட்டு வை. ஒரு மோட்டார் வைண்டிங்குக்குக் கொடுக்கும் காசைப் பார்க்கும்போது அது பெரிய செலவில்லை என்பேன். வைண்டிங் கடைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

நான் அறிந்த வட்டாரத்தில் பலகை முன்னால் அடிபட்டவர்கள் பலர் ரிப்பேர் செய்யப் போனவர்கள் இல்லை. ரிப்பேர் என்றால் பயம் வந்துவிடும். பிரேக்கரை இறக்குவார்கள், பூட்டுப் போடுவார்கள், அட்டை தொங்கவிடுவார்கள். "திறந்து பார்க்கத்தானே" என்று போகிறவனுக்கு அந்தப் பயம் வருவதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கையில் கைப்பேசியோடு எட்டிப் பார்க்கிறான்.

கவர் கழற்றுவதைத் தள்ளி நின்றாவது கவனி, நாளைக்கு நீ செய்யப்போகிற வேலை. கை வைப்பதற்கு முன்னால் காதும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். பலகையில் சீரான முனகல் இருக்கும், அது சரி. "கிர்ர்" என்று விட்டுவிட்டு வரும் சத்தம் சரியில்லை. கருவாட்டு வாடை வந்தால் அதற்கு மேல் ஒரு திருகையும் தொடக்கூடாது. இன்சுலேஷனுக்கும் டெர்மினலுக்கும் போடும் சிலவகைப் பிளாஸ்டிக் மிதமிஞ்சிச் சூடானால் அசல் மீன் வாடை அடிக்கும். சமையல்கட்டிலிருந்து வருகிறது என்று நினைத்து விட்டவர்கள் உண்டு. வாடை வந்தால் கவரைத் திறந்து தேட வேண்டாம். லோடைக் குறைத்து, நிறுத்தி, பிறகு திறக்க வேண்டும்.

திருகு கழற்றும்போது அடித்திருகுகளை முதலில் எடுத்து, மேல் இரண்டையும் கடைசிக்கு விட வேண்டும். அப்போதுதான் கவர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். மாற்றிச் செய்தால் தகட்டின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து பஸ்பாரை, அதாவது கரண்டு ஓடும் செம்புப் பட்டையை, தொடும். கடைசித் திருகு வரும்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, நேரே தங்கள் பக்கம் இழுக்க வேண்டும். தூக்கி இழுக்கக்கூடாது. கழற்றிய திருகும் வாஷரும் சட்டைப் பையில் போகக்கூடாது, குனிந்தால் அவை எங்கே விழும் என்று உனக்கே தெரியும். டப்பாவில் போட்டுத் தரையில், பலகையை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

பக்கத்து மில் ஒன்றில் நடந்தது. கவரின் உட்புறம் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கவர் அசைந்ததும் அது துள்ளி பஸ்பார்மேல் விழுந்தது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், மில் முழுக்க இருட்டு. கவர் பிடித்திருந்த இரண்டு பேரும் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றதால் ஒருவருக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. எதிரே ஏழெட்டு அடி தள்ளி நின்ற சுவரில் செம்புப் புகை படிந்த கறை, சுண்ணாம்பு அடித்த பிறகும் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தின் கணக்கைச் சொல்கிறேன். செம்பு உருகுவது 1,085 டிகிரி செல்சியசில். இரண்டு பஸ்பாருக்கு நடுவே எழும் தீப்பிழம்பின் சூடு 19,000 டிகிரி வரை போகும் என்கிறார்கள். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். உருகுவதோடு நிற்காமல் செம்பு ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரியும், அதுதான் வெடிச்சத்தம். இதில் அடிபட நீ எதையும் தொட்டிருக்க வேண்டியதே இல்லை. அதனால் சொல்கிறேன்: யூனிஃபார்முக்குள்ளே கால்பந்து ஜெர்சி போட்டுக்கொண்டு போகாதே. பாலியஸ்டர் எரிவதற்கு முன்னே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி பனியன் போடு. கவர் திறக்கிறவருக்கோ அதற்கென்று செய்த உடுப்பும் முகக்கவசமும் இல்லாமல் அந்த வேலையே கிடையாது.

டார்ச் விஷயம். பிளாஸ்டிக் டார்ச், தள்ளி நின்று. தலையில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது, ஆனால் அதைப் போட்டவனுக்கு எட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னால் முடியாது என்று சொல். உன் பின்னால் வழி திறந்திருக்க வேண்டும். ஏணி, கேபிள் டிரம், கழற்றிய கவர், எதுவும் காலுக்குப் பின்னால் கிடக்கக்கூடாது. மெயின் பிரேக்கர் எங்கே, அதை யார் இறக்குவார் என்பதை வேலை தொடங்கும் முன் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள். உண்மையில் நீ செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை அதுதான்: பிரேக்கர் பக்கம் நிற்பவர் யாரென்று தெரிந்து, அவர் தேநீர் குடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது.

கரண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க டெஸ்ட் பென் போதாதா? எங்கள் சீனியர் முப்பது வருடமாக அதைத்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.
— ம.சே., புக்கிட் ரோத்தான்

போதாது. உங்கள் சீனியரின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, அந்தப் பேனாவுக்கு இல்லை. அதற்குள் இருப்பது ஒரு சிறிய நியான் விளக்கும் பெரிய ரெசிஸ்டரும். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் துளிக் கரண்டில்தான் அது எரிகிறது. நல்ல ரப்பர் பூட்ஸ் போட்டு உலர்ந்த பலகைமேல் நின்றால் மங்கிவிடும். வெயிலில் எரிவதே தெரியாது. இன்னொரு பக்கம், பக்கத்து கேபிளின் தூண்டலால் செத்த வயரிலும் லேசாக எரிந்து ஏமாற்றும். உயிரை வைத்து முடிவெடுக்க அது கருவி இல்லை.

இரண்டு முனை வைத்த வோல்டேஜ் டெஸ்டர் வேண்டும். எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டும் 'கேட்' வகுப்பு அதன் மேல் இருக்கும்; மில் பலகைக்குக் கேட் III, 600 வோல்ட் என்றாவது அச்சிட்டிருக்க வேண்டும். சப்ளை உள்ளே வரும் இடத்துக்கு கேட் IV. முதலில் கரண்டு இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து நிறுத்திய இடத்தில் பாருங்கள். மறுபடி பழைய இடத்துக்குப் போய், டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் லீடு அறுந்திருந்தால் அதுவும் "கரண்டு இல்லை" என்றுதான் காட்டும்.

மூன்று ஃபேஸ் பலகையில் ஓர் இடத்தில் பார்த்தால் ஆகாது. ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று, ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் நியூட்ரலுக்கு மூன்று, எர்த்துக்கு மூன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. மொத்தம் பத்து.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பியர் பார்த்த பிறகு சிவப்பு லீடை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் பார்க்கப் போகாதீர்கள். அந்தத் துளையில் மீட்டர் வெறும் வயர்தான். இரண்டு ஃபேஸுக்கு நடுவே வயரை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். உள்ளே நல்ல ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். மலிவு மீட்டரில் மீட்டரே கையில் வெடிக்கும்.

பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, அட்டையும் மாட்டிய பிறகு ஒரு பலகையில் எனக்கு ஷாக் அடித்தது. பேய் பிசாசு வேலை என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எப்படி நடந்திருக்கும்?
— சார்ஜ்மேன் பயிற்சியில் இருப்பவர், ஜெராம்

பிழைத்ததற்குச் சாமிக்கு ஒரு தேங்காய் உடையுங்கள், ஆனால் பிசாசைத் தேட வேண்டாம். செம்பனை மில்லுக்குக் கரண்டு ஒரு வழியாக வருவதில்லை. நாரையும் ஓட்டையும் பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைன் ஓடுகிறது. டர்பைன் கிளம்பும்வரை டீசல் ஜெனரேட்டர். சில மில்களில் மின்வாரியமான தெனாகாவின் சப்ளையும் உண்டு. எந்த பிரேக்கரை இறக்கினீர்கள், அதன் எந்தப் பக்கத்தில் கை வைத்தீர்கள் என்பதை ஒற்றைக்கோட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிப்போய், பத்து வருடத்துக்கு முந்தைய மில்லைக் காட்டிக்கொண்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் கெபாசிட்டர்மேல். வாங்கும் கரண்டில் எவ்வளவு பயனாகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டர் 0.85க்குக் கீழே போனால் தெனாகா கூடுதல் கட்டணம் போடும். அதனால் அதை உயர்த்த மில்களில் கெபாசிட்டர் வரிசை வைத்திருப்பார்கள். பிரேக்கரை இறக்கினாலும் கெபாசிட்டர் தன்னிடமுள்ள மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறக்கிய மூன்று நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே வரவேண்டும் என்பது சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் (ஐ.இ.சி.) தரவிதி. அதற்கென்று உள்ளே ரெசிஸ்டர் உண்டு. அந்த ரெசிஸ்டரே எரிந்துபோயிருந்தால்? மூன்று நிமிடம் என்ன, மூன்று மணி நேரமானாலும் காத்திருக்கும். ஆகவே காத்திருங்கள், காத்திருந்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பிறகு முறையான டிஸ்சார்ஜ் கம்பியால் இறக்குங்கள். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே போட்டுப் பொறி பறக்க இறக்குவது வீரம் இல்லை.

வேறு வாசல்களும் உண்டு. ஈரம் படியாமலிருக்கப் பலகைக்குள் வைக்கும் சிறிய ஹீட்டருக்குச் சப்ளை பெரும்பாலும் வேறொரு டிபியிலிருந்து, அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து, வரும். கண்ட்ரோல் வயருக்கும் அப்படித்தான். இறக்குமதி இயந்திரத்தின் கேபிளில் நீல வயர் நியூட்ரல். நம் பழைய பலகைகளில் நீலம் மூன்றாவது ஃபேஸ், நியூட்ரல் கறுப்பு. இரண்டும் ஒரே பெட்டியில் கூடும் இடத்தில் நிறத்தை நம்பிக் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கரண்டு ஓடும் பலகையில் ஆம்பியர் மீட்டர் காட்டவில்லையே என்று அதன் பின்னால் போகும் வயரைக் கழற்றிப் பார்க்கவே கூடாது. அந்த வயர், பெரிய கரண்டை மீட்டருக்காகச் சிறிதாக்கிக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது. அதைத் திறந்துவிட்டால், பார்ப்பதற்குச் சாதாரண மெல்லிய வயராக இருப்பதன் முனையில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் ஏறும். முதலில் அதன் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட வேண்டும். லிங்க் எங்கே என்று தெரியாவிட்டால் மீட்டர் காட்டாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

என் கணவர் மில்லில் சார்ஜ்மேன். முருகனுக்கு வேண்டிக்கொண்டு கையில் செம்புக் காப்புப் போட்டிருக்கிறார். கழுத்தில் சங்கிலியும் உண்டு. வேலைக்குக் கழற்றச் சொன்னால் "சாமி பார்த்துக்கொள்வார்" என்கிறார். நான் சொல்வது தவறா?
— ஒரு மனைவி, பத்து ஆராங்

தவறே இல்லை அம்மா. செம்பைவிடக் கரண்டுக்கு நல்ல வழி தேடுவது கடினம். மணிக்கட்டில் காப்பும் கழுத்தில் தொங்கும் சங்கிலியும் போட்டுக்கொண்டு பஸ்பார் முன்னால் குனிபவர், வேலியில்லாத கிணற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றி வருகிறார். ஷாக் மட்டுமில்லை. வெறும் 12 வோல்ட் ஜெனரேட்டர் பேட்டரியில்கூட காப்பு குறுக்கே பட்டால் அது பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றிச் சுட்டுவிடும். அந்த வோல்டேஜில் ஷாக்கே அடிக்காது, தோல் மட்டும் போய்விடும்.

காப்பைக் காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வந்து குளித்துவிட்டு மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தோம். மஞ்சள் கயிறாக மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா என்று உங்கள் பூசாரியிடம் கேளுங்கள். கழற்றவே கூடாத வேண்டுதல் என்றால் அந்த நாட்களில் பலகை திறக்கும் வேலையை இன்னொரு சார்ஜ்மேனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். காப்புமேல் டேப் சுற்றிக்கொள்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். கல்யாண மோதிரத்துக்கும் இதே பதில்தான், அதை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து என்று தெரிந்தும் "இன்றைக்கே திறந்து பார்" என்று மானேஜர் நெருக்குகிறார். மறுத்தால் வேலை போய்விடுமா?
— பெயர் வேண்டாம்

மானேஜரின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். குலை இறக்கும் ராம்ப்பில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். அதற்காக உங்கள் கை அடமானம் இல்லை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் (சட்டம் 514) திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 26ஏ பிரிவு உங்களுக்கானது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ சொல்லியும் அவர் ஆபத்தை நீக்காவிட்டால், நீங்கள் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக உங்களைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. கவனியுங்கள், முதலில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். "முடியாது" என்று மட்டும் எழுதாதீர்கள். "இந்தப் பலகையை நிறுத்த இரண்டு மணி நேரம் கொடுத்தால் செய்கிறேன்" என்று எழுதுங்கள். பல மானேஜர்களுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு மணி நேரம் எப்போது என்ற பதில்தான்.

முன்பு 415 வோல்ட் என்றார்கள், இப்போது 400 என்கிறார்கள். இப்போது ஆபத்து குறைவா?
— ந.கோ., கோல சிலாங்கூர்

இல்லை. 2008 முதல் நாட்டின் பெயரளவு வோல்டேஜ் 240/415இலிருந்து 230/400 என்று மாறியது. அடி அதே அடிதான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது. இளைஞர்கள் டிபி பெட்டியின் கவரைக் கழற்றிவைத்து, விழும்போதெல்லாம் தூக்கிவிட ஒரு பையனை நிறுத்திவிட்டார்கள். பந்தலுக்கு வாடகை ஜெனரேட்டரும் உண்டு. இது சரியா?
— கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்

ஐயா, அந்தப் பையனை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். அபிஷேகத் தண்ணீர் ஓடும் தரையில் வெறுங்காலோடு, திறந்த பெட்டிக்கு முன்னால் ஒரு பிள்ளையா? கவரை மூடித் திருகுங்கள். இ.எல்.சி.பி.யின் நெம்புகோலைத் தொட கவரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அது சும்மா விழவில்லை. எங்கோ கரண்டு தரைக்குக் கசிகிறது என்று சொல்கிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், பிடிக்கவில்லை என்று அதைக் கழற்றி நேரே இணைத்துவிடுவதும் கொலைக்குச் சமம். கடைசியில் சொன்னதைச் செய்து வைத்திருந்த கோயிலை நானே பார்த்திருக்கிறேன். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்பது இ.எல்.சி.பி. விழ வேண்டிய கசிவின் உச்ச அளவு. பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த பொருளை விடமுடியாமல் தசை இறுகத் தொடங்கும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு. கோயிலில் மெயினுக்கு 100 மட்டும் போட்டிருந்தால் அபிஷேக மண்டபத்துக்குத் தனியாக 10 போடச் சொல்லுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் ஆள். திருவிழாவில் பெரும்பாலும் அது மழையில் நனைந்த சீரியல் விளக்குச் சரமாகவோ, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயராகவோ இருக்கும். எதையும் மாட்டாமலே விழுந்தால் உரிமம் பெற்ற வயர்மேன் வர வேண்டும். ஜெனரேட்டரின் வயரைக் கோயில் சாக்கெட்டில் குத்தவே கூடாது. அது பந்தலோடு நிற்கட்டும். குத்தினால் கரண்டு பின்பக்கமாகத் தெனாகா லைனுக்கு ஏறி, எங்கோ கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியைப் பதம் பார்க்கும். என் சிறுவயதில் லயத்துக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டு வரும், திருவிழாவுக்கு மட்டும் கூடுதல் நேரம் விடுவார்கள். அன்றைக்கு இருந்தது நாலு பல்பு. இன்றைக்கு ஆளுயர ஸ்பீக்கர்.

பலகை முன்னால் ஒருவருக்கு ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?
— பலர் கேட்டது

அவரைத் தொடாதீர்கள். பிரேக்கரை இறக்குங்கள். அதனால்தான் அது எங்கே என்று முதலிலேயே கேட்டு வைக்கச் சொன்னேன். இறக்க முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். இது 400 வோல்ட் பலகைக்கு மட்டும். 11,000 வோல்ட் அறையில் கட்டையும் காப்பாற்றாது. சப்ளை நின்றது என்று பொறுப்பானவர் உறுதி சொல்லும்வரை அருகில் போகக்கூடாது. தெனாகாவின் அவசர எண் 15454, ஆம்புலன்ஸுக்கு 999.

மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை, கொஞ்சம் காப்பி கொடு" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தோலில் சிறிய பொட்டுபோலத் தெரியும் காயத்துக்குக் கீழே தசை வெந்திருக்கலாம், இதயத்துடிப்பு பிறகு தடுமாறலாம். தீப்பிழம்பில் வெந்திருந்தால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, சோயா சாஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

ரப்பர் கையுறை வாங்கும்போது எதைப் பார்ப்பது?
— த.ரா., ரவாங்

மணிக்கட்டுப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வகுப்பைப் பாருங்கள். 00 என்றால் 500 வோல்ட் வரை, 0 என்றால் 1,000 வோல்ட் வரை. மில் பலகைக்கு 0 வாங்குங்கள். அதற்குச் சிவப்பு லேபிள் இருக்கும். சோதித்த தேதியும் இருக்கும், பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மேலே தோல் கையுறை மாட்ட வேண்டும், இல்லையென்றால் கவர் விளிம்பு ஒரே நாளில் கிழித்துவிடும். செம்பனை எண்ணெய் பட்ட கையோடு தொடாதீர்கள், எண்ணெய் ரப்பரை ஊதிப்போக வைக்கும். ஒவ்வொரு தடவையும் போடும் முன் வாய்ப்பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, காதருகே வைத்து அமுக்குங்கள். "ஸ்ஸ்" என்று கேட்டால் அந்த ஜோடியைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். கத்தரிக்காமல் போட்டால் அடுத்த ஷிப்டில் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.